மூச்சுக்கு ஒத்த நிலம்

எங்கள் படுக்கையறை நிலத்துக்குப் பிளாஸ்ரிக் காப்பெற் ஒட்டிய நாளில் என் கணவர் பாட்டுப் பாடினார். கலியாணம் முடித்து அப்போது இரண்டு வருசமாகப் போகிறது, அதுவரை அவர் பாடி நான் கேட்டதில்லை. முழங்காலில் நின்று, பல்லு வெட்டிய தகட்டால் பசையை இழுத்துப் பூசி, சுருளை மெல்ல மெல்ல விரித்து, அடியில் அகப்பட்ட காற்றை உள்ளங்கையால் சுவரோரம் தள்ளிக்கொண்டே பாடினார். நான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்று பார்த்தேன்.

அது அவருக்குக் கைவந்த வேலை. கொழும்பில் கந்தோர்களுக்கும் பெரிய வீடுகளுக்கும் நிலம் போட்டுக் கொடுக்கிற ஒரு கடையில் பதினாறு வயதிலேயே சேர்ந்தவர். எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடியில், தமிழருக்கு எதிரான கலவரத்தில் அந்தக் கடையை எரித்துவிட்டார்கள். கொஞ்சநாள் முகாமில் இருந்துவிட்டு, கப்பலேறிக் காங்கேசன்துறையில் வந்து இறங்கினார். அந்த நாட்களைப் பற்றி அவர் கதைப்பதில்லை. நானும் கேட்பதில்லை. பிறகு, எரியாமல் தப்பிய வேறொரு களஞ்சியத்தில் கிடந்த மூன்று சுருள் பிளாஸ்ரிக் காப்பெற்றையும் சில பசைத் தகரங்களையும் முதலாளி றெயிலில் அனுப்பிவைத்தார். மரப்பலகை போலக் கோடு விழுந்த மண்ணிறக் காப்பெற். அவருடைய கொழும்பு வாழ்க்கையில் மிச்சமாக வந்து சேர்ந்தது அவ்வளவுதான்.

வீடு என்னுடைய சீதனம். சுன்னாகத்துக்குக் கிட்ட, வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவில் என் ஐயா கட்டியது. விறாந்தைக்கும் நடுக்கூடமான சாலைக்கும் சிவப்புச் சீமெந்து போட்டு முடித்தவர், படுக்கையறைக்குப் போடுமுன் செத்துப்போனார். அந்த அறை வெறும் கொங்கிறீற்றோடு சொரசொரவென்று கிடந்தது.

"உதுக்கேன் யோசிக்கிறீர்? நான் இருக்கிறன்தானே," என்றார் என் கணவர்.

ஒட்டி முடித்ததும் அயலட்டைச் சனம் வந்து பார்த்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். ஒருவர் குனிந்து தடவிப் பார்த்துவிட்டு, உண்மையான பலகையோ என்று கேட்டார். என் கணவரின் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். அறைக்குள் புதுச் சப்பாத்துப் பெட்டியைத் திறந்து அதற்குள் பெற்றோல் ஊற்றிவிட்டதுபோல ஒரு நெடி நின்றது. "ரெண்டு மூண்டு கிழமையிலை போயிடும்," என்றார்.

நெடி குறைந்தது. ஆனால் போகவில்லை. கோடை வெயில் ஏறிய பின்னேரங்களில் நிலத்திலிருந்து அது திரும்ப எழும்பி வரும்.

சின்ன வயதில் எனக்கு முட்டு இருந்தது. நெஞ்சை அடைத்துக்கொண்டு மூச்சு இழுக்கிற அந்த நோயை எங்கள் பக்கத்தில் முட்டு என்றுதான் சொல்வோம். பெரியபிள்ளையான பிறகு தானாகவே விட்டுப்போயிருந்தது. காப்பெற் ஒட்டிய வருசம் அது திரும்பி வந்தது. முதலில் விடியப்புறத்தில் ஒரு செருமல். பிறகு நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவதுபோல ஒரு சத்தம். கடைசியில் எழும்பியிருந்து இரண்டு கையையும் கட்டிலில் ஊன்றிக்கொண்டு ஒவ்வொரு மூச்சாக இழுக்கிற நிலைமை.

ஆசுப்பத்திரியில் டொக்டர் குளிசை தந்தார். தூசி, புகை, தோட்டத்துக்கு அடிக்கிற மருந்து எல்லாம் கூடாது என்று சொன்னார். என் கணவர் அதைச் சட்டம்போலப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்குள் கூரை வளையில் கட்டித் தொங்கவிட்டிருந்த வெங்காயப் பிடிகளையெல்லாம் அவிழ்த்துக் கொட்டிலுக்குக் கொண்டுபோனார். அடுப்பை வீட்டோடு ஒட்டியிருந்த குசினியிலிருந்து வெளியே மாற்றினார். பஞ்சுத் தலையணிகளை வெயிலில் போட்டு அடித்தார். பக்கத்துத் தோட்டத்தில் மருந்து அடிக்கிற நாட்களில் என்னையும் மகளையும் சைக்கிளில் ஏற்றி உடுப்பிட்டியில் இருக்கிற தன் தமக்கையின் வீட்டில் கொண்டுபோய் விட்டார். எனக்காக அவர் செய்யாதது ஒன்றுமில்லை. ஆனாலும் முட்டு நிற்கவில்லை.

நான் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வெண்கட்டித் தூளுக்குள் நின்று கத்துகிற வேலை. அங்கே எனக்கு ஒருநாளும் இழுத்ததில்லை. உடுப்பிட்டியிலும் இழுக்கவில்லை. அது ஏன் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

எண்பத்தேழில் இந்திய ஆமியின் சண்டை எங்கள் ஊருக்குள் வந்தது. ஊரடங்கு என்று சொல்லி நாட்கணக்காக வீட்டுக்குள் கிடந்தோம். வெளிச்சம் வெளியே தெரியக்கூடாது, ஆள் அசுமாத்தம் இருக்கக்கூடாது என்று யன்னல்களையெல்லாம் இறுக்கிச் சாத்திவிட்டு, வெளிச்சுவர் குறைந்த அறை என்பதால் படுக்கையறைக்குள்ளேயே மூன்று பேரும் இருந்தோம். அந்த அடைப்புக்குள் காப்பெற் நெடி முதல் நாளில் இருந்ததுபோல எழும்பியது. எனக்கு இழுப்பு நிற்கவேயில்லை. வெளியே பூட்ஸ் சத்தம் கேட்டபோது என் மூச்சுச் சத்தம் கேட்டுவிடுமோ என்று என் கணவர் தலையணியை எடுத்து என் வாய்க்குக் கிட்டப் பிடித்தார். அழுத்தவில்லை, சும்மா பிடித்தார்.

ஷெல் கிட்டக் கிட்ட விழத் தொடங்கியதும் ஊரோடு சேர்ந்து ஓடினோம். அளவெட்டிப் பக்கத்தில் ஒரு கோயில் மண்டபத்தில் இடம் கிடைத்தது. கருங்கல் நிலம். ஆளோடு ஆள் முட்டிக்கொண்டு படுத்த சனம். வேர்வை, ஈரச் சேலை, அடுப்புப் புகை, பிள்ளைகளின் மூத்திரம் என்று எல்லா மணமும் அங்கே இருந்தது. முட்டுக்காரி ஒருத்தி செத்துப்போகிறதற்கு அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்றுதான் நினைத்தேன். வெறும் கல்லில் ஒரு பாயைப் போட்டுப் படுத்தேன். விடியும்வரை அசையாமல் நித்திரை கொண்டேன்.

காலையில் என் கணவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உமக்கு இழுக்கேல்லை," என்றார்.

"ஓம். நானும் அதைத்தான் நினைச்சனான்."

அங்கே இருந்த அத்தனை நாளும் இழுக்கவில்லை. அகதியாகக் கிடந்த இடத்தில் என் நெஞ்சு சுகமாக இருந்தது. நிலைமை கொஞ்சம் அடங்கி வீட்டுக்குத் திரும்பினோம். கதவைத் திறந்து, படுக்கையறைக்குள் போய், பெட்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தபோதே நெஞ்சு இறுகியது. நான் விறாந்தைக்கு ஓடி வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இஞ்சேருங்கோ," என்றேன், மூச்சு வந்த பிறகு. "இது நிலம்தான். அந்தக் காப்பெற்தான்."

அவர் சிரிக்கப் பார்த்தார். "வீடு பூட்டிக் கிடந்தது. தூசி. கூட்டினால் சரியாயிடும்."

"கோயிலிலை இதைவிடத் தூசி."

"அப்ப விறகுப் புகை இல்லையோ? வெங்காய மருந்து இல்லையோ? அதையெல்லாம் விட்டிட்டு நிலத்தைக் குறை சொல்லுறீர்." குரல் உயர்ந்தது. "நான் வருசக்கணக்கா இதிலை முழங்காலிலை நிண்டனான். எனக்கு என்ன வந்தது?"

கோபத்தில் கத்துகிற முகமாக அது தெரியவில்லை. எதையோ பறிக்க வருகிறார்கள் என்று பயந்த முகமாக இருந்தது.

அன்றைக்குப் பிறகு நான் விறாந்தையில் பாய் போட்டுப் படுத்தேன். அவரும் மகளும் அறையில் படுத்தார்கள். அயலில் கதை வந்தது. பக்கத்து வீட்டு அக்கா வேலியடிக்கு வந்து, "என்ன தங்கச்சி, அவரோடை கோபமோ?" என்று நேராகவே கேட்டார். முட்டு என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. புருசனும் பெண்சாதியும் வேறுவேறு இடத்தில் படுக்கிறதற்கு ஒரு காப்பெற் காரணமாக இருக்கும் என்று யார்தான் நம்புவார்கள்? என் கணவருக்கு அது மானக்கேடாக இருந்தது. வீட்டுக்குள் கதை குறைந்துபோனது. அறை யன்னல்களை மட்டும் பகல் முழுக்க அவர் திறந்தே விட்டிருந்தார்.

தொண்ணூறில் மறுபடி சண்டை தொடங்கியது. இந்தமுறை வானத்திலிருந்தும் குண்டு விழுந்தது. விறாந்தையில் படுக்க முடியாது என்றாகிவிட்டது. முற்றத்தில் பங்கர் வெட்டினோம். மழை தொடங்கியதும் அதற்குள் தண்ணீர் நின்றது. சாலைக்கு மேலே ஓடு உடைந்து ஒழுகியது. திரும்பவும் அறைக்குள்ளேயே மூன்று பேரும் படுத்தோம். கரண்ட் இல்லை. மண்ணெண்ணெய் கிடைப்பது அருமை என்பதால் விளக்கும் கொஞ்ச நேரம்தான்.

ஒருநாள் மத்தியானம் மகள் நிலத்தில் குப்புறப் படுத்துப் படம் கீறிக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்கு ஐந்து வயது. கன்னத்தைக் காப்பெற்றில் வைத்தபடி நித்திரையாகிப் போனாள். கொஞ்ச நேரத்தில் எழும்பி இருமினாள். இருமல் நிற்கவில்லை. தோள் இரண்டும் காதுவரை உயர்ந்து, கழுத்தெலும்புக்கு மேலே தோல் குழிந்து, மூச்சை இழுத்தாள். நெஞ்சுக்குள் அந்தப் பூனைக்குட்டி கத்தியது.

நான் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து வேப்பமரத்தின் கீழ் இருந்தேன். என்னிடம் மிச்சமிருந்த குளிசையில் கால்வாசியை உடைத்துத் தேனில் குழைத்துக் கொடுத்தேன். மருந்துகள் அருமையாகிப்போன காலம் அது. என் கணவர் எங்களுக்கு முன்னால் நின்றார். பிள்ளையின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார். பிறகு நிமிர்ந்து வீட்டைப் பார்த்தார்.

"எங்களோடை ஒருத்தர் வேலை செய்தவர்," என்றார். "எனக்கு வேலை பழக்கினவர். கடைசியிலை அவருக்குப் படியேற ஏலாமல் போச்சு. நெஞ்சு. நாங்கள் ஒட்டின அறையிலை ஒரு கிழமைக்கு ஒருத்தரையும் படுக்க விடக்கூடாது எண்டு அவர்தான் சொல்லுவார். யன்னல் இல்லாத அறைக்கு இந்தப் பசை போடக்கூடாது எண்டும் சொல்லுவார்."

"இது உங்களுக்கு முதலே தெரியுமோ?"

"தெரியும். உமக்கு இழுக்கிறது அதாலைதான் எண்டு தெரியாது. தெரியக்கூடாது எண்டு இருந்தனான்."

எனக்கு ஆத்திரம் வந்தது. எத்தனை காலம் விறாந்தையில் கிடந்தேன். ஆனால் அவர் அப்போதே திரும்பி உள்ளே போய்விட்டார். காப்பெற்றின் மூலையைக் கத்தியால் கிளப்பி இழுக்கிற சத்தம் வெளியே கேட்டது. தன் கையால் ஒட்டியதைத் தன் கையாலேயே உரித்தார். பாதி வந்தது, பாதி பசையோடு பிய்ந்து நின்றது. சுருளை வெளியே இழுத்துக்கொண்டு வந்து வேலியோரம் போட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் போனவர் வெகுநேரம் திரும்பி வரவில்லை.

உரித்ததோடு பிரச்சினை முடியவில்லை. நிலமெல்லாம் கறுத்துக் காய்ந்த பசை. மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவினால் இளகும் என்றார். கையில் இருந்ததே ஒரு போத்தல். இருந்திருந்தாலும் நான் விட்டிருக்கமாட்டேன். "ஒரு நெடியை எடுக்க இன்னொரு நெடியோ?" என்றேன். உளியாலும் மண்வெட்டியாலும் சுரண்டினோம். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு அவர் சுரண்ட, நான் வாசலில் நின்று ஓலைக் கடகத்தை வாங்கிக் கொட்டினேன். சுரண்டச் சுரண்டக் கொங்கிறீற்றும் பொரிந்து வந்தது. கடைசியில் குழியும் மேடுமாக, ஒட்டி நின்ற கறுப்புப் புள்ளிகளோடு ஒரு நிலம் மிஞ்சியது. அதை எதனாலாவது மூடவேண்டும்.

குடாநாட்டுக்குள் சீமெந்து வர அரசாங்கத் தடை. ஐயா மற்ற அறைகளுக்குப் போட்டதுபோல ஒரு சிவப்பு நிலம் என்பது நினைக்கவும் முடியாத காரியம். என் கணவர் ஊரெல்லாம் விசாரித்துக்கொண்டு வந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்தேன். அந்த நாட்களை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. அப்போது சிரிப்பு வரவில்லை.

முதலில் சிலிப்பர் கட்டை. றெயில் நின்றுபோன பிறகு தண்டவாளத்தின் கீழ் கிடந்த கட்டைகளைச் சனம் பங்கர் போட எடுத்தது. அதை வாளால் அரிந்து பலகையாக்கி அடிக்கலாம், கொழும்பில் பணக்கார வீடுகளுக்கு மரநிலம் அடித்த அனுபவம் தனக்கு இருக்கிறது என்றார். சைக்கிள் கரியரில் ஒரு துண்டு கொண்டுவந்து முற்றத்தில் போட்டார். நல்ல உறுதியான மரம். வெயிலில் கொஞ்ச நேரம் கிடந்ததும் அதிலிருந்து தார் காய்ச்சியதுபோல ஒரு மணம் கிளம்பியது. உக்கிப்போகாமல் இருக்க எப்போதோ ஊட்டிய எண்ணெய்.

"இதுவும் ஏலாது," என்றேன்.

"நீர் மூக்காலை வீடு கட்டப் பார்க்கிறீர்."

"மூச்சு மூக்காலைதானே போகுது."

அவர் கட்டையை உதைத்துவிட்டுப் போனார். பின்னேரம் அதை விறகுக்கும் வைக்கவேண்டாம் என்று அவரே தூக்கிக்கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தார்.

அடுத்தது களிமண்ணும் சாணியும். அது எங்களுக்குத் தெரிந்த நிலம், கையில் இருக்கிற பொருள். ஒரு மூலையில் மெழுகிப் பார்த்தேன். ஈரமாக இருக்கும்போது நன்றாகத்தான் இருந்தது. ஒரு கிழமை அந்த மூலையில் மகளோடு இருந்து பார்த்தேன், இருவருக்கும் ஒன்றும் செய்யவில்லை. ஆனால் கீழே கொங்கிறீற் இருந்ததால் மண் பிடிக்காமல் காய்ந்து பொருக்காகி எழும்பியது. கூட்டும்போது தூள் பறந்து மகள் இருமினாள். மார்கழி மழைக்குச் சுவரோரம் பச்சையாகப் பூஞ்சணம் பிடித்தது. அந்தப் பூஞ்சண மணமும் எனக்கு இழுப்பைக் கொண்டுவந்தது.

மிஞ்சியது சுண்ணாம்பு. கல்லுக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை, சூளையும் அங்கங்கே எரிந்துகொண்டிருந்தது. சீமெந்து வருமுன் கட்டிய பழைய வீடுகளெல்லாம் சுண்ணாம்புச் சாந்துதானே. ஆனால் அதைப்பற்றி எங்கள் இருவருக்கும் அரைகுறையாகத்தான் தெரியும். கேட்ட ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொன்னார்கள். பனங்கட்டித் தண்ணீர் ஊற்றிக் குழைத்தால் இறுகும் என்றார் ஒருவர்.

"தேத்தண்ணிக்கே பனங்கட்டி இல்லை, நிலத்துக்கு ஊத்திறதோ?" என்றார் என் கணவர். பிறகும் எங்கிருந்தோ இரண்டு ஓலைக் குட்டான் பனங்கட்டி கொண்டுவந்தார்.

சுண்ணாம்பை நீற்றுகிற நாட்களில் அதன் ஆவியும் தூளும் நெஞ்சுக்குக் கூடாது என்று என்னையும் மகளையும் பக்கத்து வீட்டு அக்கா தன்னோடு வைத்துக்கொண்டார். வேலிக்கு மேலால் பார்த்தால் முற்றத்துக் குழியிலிருந்து வெள்ளைப் புகை கொதித்து எழும்புவது தெரியும். அவர் மூக்கில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு கிண்டிக்கொண்டிருப்பார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. முதல் முறை போட்டது வெடித்துப் பிளந்தது. எல்லாவற்றையும் கொத்தி எடுத்துவிட்டு, மணலைக் கூட்டி, திரும்பக் குழைத்துப் போட்டு, மரக்கட்டையால் அடித்து அடித்து இறுக்கினார். குண்டு வீச்சு விமானச் சத்தம் கேட்டால் அப்படியே போட்டுவிட்டுப் பங்கருக்குள் ஓடுவார். வந்து பார்க்கும்போது விட்ட இடம் காய்ந்து ஒரு தழும்பு விழுந்திருக்கும். அந்தத் தழும்புகள் நிலத்தில் அப்படியே இருந்தன.

காய வெகுகாலம் எடுத்தது. காய்ந்த பிறகு பார்த்தால் அழகென்று சொல்ல ஒன்றுமில்லை. வெள்ளையுமில்லை சாம்பலுமில்லை. வெறுங்காலோடு நடந்தால் உள்ளங்காலில் மாப்போலத் தூள் ஒட்டும். ஆரும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து தடவிப் பார்க்கவில்லை. அவர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "கொழும்பிலை இப்பிடி ஒரு நிலம் போட்டால் அடிச்சுக் கலைச்சிருப்பாங்கள்," என்றார்.

நான் பாயைக்கூடப் போடாமல் அதில் படுத்தேன். மகள் எனக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்துக் கன்னத்தை வைத்தாள். ஈரமண் மணம் ஒன்று மெல்ல வந்தது. அவ்வளவுதான். அவர் சுவரோரம் குந்தியிருந்து எங்கள் இருவருடைய மூச்சையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

முட்டு முற்றாக விட்டதென்று சொன்னால் பொய். மழைக்கும் மார்கழிப் பனிக்கும் வந்தது. கோபம் வந்தாலும் வந்தது. ஆனால் கட்டிலில் கையூன்றிக்கொண்டு விடியும்வரை இருந்த நாட்கள் போயின. மகளுக்கு அந்த ஒருமுறைக்குப் பிறகு பெரிதாக ஒன்றும் வரவில்லை. என் கணவருக்குத்தான் இருமல் தொடங்கியது. சுண்ணாம்பா, பசையா, கொழும்பில் கழிந்த வருசங்களா என்று எங்களுக்குத் தெரியாது. டொக்டரிடம் போகச் சொன்னால், "மருந்து இல்லாத ஆசுப்பத்திரிக்குப் போய் என்ன செய்யிறது?" என்பார்.

தொண்ணூற்றைந்தில், ஐப்பசி மழைக்குள், ஆமி முன்னேற, எங்கள் வலிகாமப் பகுதியே எழும்பி நடந்தது. நாங்களும் நடந்தோம். சைக்கிளில் ஒரு மூட்டையும் அதன் மேல் பானையும். மகள் பின்னால் தள்ளிக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பத்து வயது. தென்மராட்சியில் பள்ளிக்கூடங்களில் கால் வைக்க இடமில்லை. ஒரு தென்னங்காணியில் மற்றச் சனங்களோடு தங்கினோம். அங்கே நிவாரணத்துக்கு வந்தவர்கள் கூடாரத்துக்கென்று குடும்பத்துக்கொரு பிளாஸ்ரிக் விரிப்புத் தந்தார்கள். மேலே கட்டவும் அதுதான், கீழே விரிக்கவும் அதுதான். உறையிலிருந்து அப்போதுதான் எடுத்த புத்தம்புதுச் சாமான்.

என் கணவர் அதை வாங்கி, எனக்குத் தருவதற்கு முன் மடிப்பைப் பிரித்து முகர்ந்து பார்த்தார். பிறகு கீழே விரிப்பதை விட்டுவிட்டார். விழுந்து கிடந்த தென்னோலைகளை இழுத்துவந்து பின்னி அடியில் போட்டார். விரிப்பை மேலே மட்டும் கட்டி, நாலு பக்கமும் திறந்துவிட்டார். மற்றவர்கள் சிரித்தார்கள். மழை சாய்ந்து அடித்தது. எங்களுக்கு இழுக்கவில்லை, ஆனால் நனைந்தோம். நனைந்ததில் மகளுக்குக் காய்ச்சல் பிடித்தது.

பக்கங்களை இறக்கினால் நெடி. இறக்காவிட்டால் மழை. காய்ச்சல்காரப் பிள்ளையை எதற்குள் வைப்பது என்று நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஊரில் இருந்தபோது எது வேண்டாம் என்று சொல்லவாவது எங்களால் முடிந்தது.

"இறக்குங்கோ," என்றேன் நான். "அவள் நனையக்கூடாது. நான் வெளியிலை இருக்கிறன்."

அவர் பக்கங்களை இறக்கிக் கட்டினார். மகளைப் பழஞ்சேலையால் சுற்றி, காற்று வர ஒரு மூலையை மட்டும் தூக்கி, கல்லை வைத்தார். நான் பக்கத்தில் ஒரு தென்னையின் கீழ், தலையில் ஓலையைப் பிடித்துக்கொண்டு குந்தினேன். கொஞ்ச நேரத்தில் அவரும் வந்து பக்கத்தில் குந்தினார். இருமினார்.

"உள்ளை போங்கோவன், நனையிறியள்," என்றேன்.

"பிள்ளைக்கு நித்திரை வந்திட்டுது," என்றார்.

இரண்டாம் நாள் பின்னேரம் அவளுக்குக் காய்ச்சல் விட்டது. கஞ்சி கேட்டாள். அரிசி கொஞ்சம் இருந்தது. விறகுதான் நனைந்து கிடந்தது. நான் குனிந்து ஊதத் தொடங்க, அவர் ஊதுகுழலை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, புகை வராத பக்கமாக என்னைத் தள்ளியிருக்கச் சொன்னார்.